ஆண்ட்ராய்டு 15: புதிய வசதிகளும் அவற்றை இயக்கும் முறையும்

ஆண்ட்ராய்டு 15 வெளிப்பார்வைக்கு முந்தைய பதிப்பிலிருந்து அதிகம் வேறுபடாது. ஐகான்களும் முகப்புத் திரையும் ஏறக்குறைய அப்படியே இருக்கும். மாற்றம் உள்ளே நடந்திருக்கிறது. போன் கைமாறிப் போனாலும் அதில் உள்ளவை கைமாறக் கூடாது என்பதே இந்தப் பதிப்பின் முதன்மையான அக்கறை. வங்கிச் செயலி, யுபிஐ, ஆதார் நகல், குடும்பப் படங்கள், அலுவலக மின்னஞ்சல் என எல்லாம் ஒரே கருவியில் சேர்ந்துவிட்டதால், போனைத் தொலைப்பதால் வரும் இழப்பு போனின் விலையோடு நிற்பதில்லை.

இந்தப் பாதுகாப்பு வசதிகளில் பல, அப்டேட் முடிந்ததும் தாமாக இயங்கத் தொடங்கிவிடுவதில்லை. உரிமையாளர் செட்டிங்ஸுக்குள் சென்று ஒவ்வொன்றாக இயக்க வேண்டும். அப்டேட் செய்தும் இவற்றை இயக்காமல் விட்ட போன், பழைய போனைப் போலவே திருடனுக்கு எளிதாக இருக்கும். எனவே எந்த வசதி எதற்கு, எப்படி இயக்குவது, எங்கே அதன் எல்லை முடிகிறது என்பவை இந்த அத்தியாயத்தில் வரிசையாகத் தரப்படுகின்றன.

1. எந்தப் போனுக்கு, எப்போது

ஆண்ட்ராய்டு 15-இன் மூலநிரலை கூகுள் 2024 செப்டம்பர் 3 அன்று வெளியிட்டது. அக்டோபர் 15 முதல் பிக்ஸல் 6-உம் அதற்குப் பிந்தைய பிக்ஸல் போன்களும் அப்டேட்டைப் பெற்றன. மற்ற நிறுவனங்கள் மூலநிரலை எடுத்துத் தங்கள் சொந்த இடைமுகத்தைச் சேர்த்துத் தருவதால், அவற்றின் பெயரும் நாளும் வேறுபடும். சாம்சங் போன்களில் இது ஒன் யூஐ 7 என்ற பெயரில் வருகிறது. 2025 ஜனவரியில் அறிமுகமான கேலக்ஸி எஸ்25 வரிசையில் முதலில் வந்தது, பழைய மாடல்களுக்கு அந்த ஆண்டு ஏப்ரல் முதல் சென்றது. ஒன்பிளஸில் ஆக்ஸிஜன் ஓஎஸ் 15, விவோவில் ஃபன்டச் ஓஎஸ் 15, நத்திங்கில் நத்திங் ஓஎஸ் 3 ஆகியவை இதன் வடிவங்கள்.

போனில் எந்தப் பதிப்பு உள்ளது என்பதை செட்டிங்ஸில் ‘அபௌட் போன்’ பகுதியில் பார்க்கலாம். அடுத்த பதிப்பான ஆண்ட்ராய்டு 16, 2025 ஜூனில் வெளிவந்தது. இங்கே விவரிக்கப்படும் வசதிகள் அதிலும் தொடர்வதால், அந்தப் பதிப்பை வைத்திருப்பவர்களுக்கும் இந்த அத்தியாயம் பொருந்தும். நிறுவனத்துக்கு நிறுவனம் மெனுவின் இடம் மாறும் என்பதால், குறிப்பிட்ட இடத்தில் ஒரு வசதி தென்படாவிட்டால் செட்டிங்ஸின் மேலே உள்ள தேடல் பெட்டியில் அதன் பெயரைத் தட்டிப் பார்ப்பதே விரைவான வழி.

2. அப்டேட் செய்வதற்கு முன்

முதல் வேலை பேக்கப். படங்களும் தொடர்பு எண்களும் கூகுள் கணக்கில் சேமிக்கப்பட்டிருந்தாலும், வாட்ஸ்அப் உரையாடல்களுக்கு அந்தச் செயலிக்குள்ளேயே தனி பேக்கப் உண்டு. அதன் செட்டிங்ஸில் ‘சாட்ஸ்’ பகுதியைத் திறந்து, கடைசியாக எந்த நாளில் பேக்கப் எடுக்கப்பட்டது என்று பார்த்துக்கொள்ள வேண்டும். மாதக்கணக்கில் பழைய தேதி காட்டினால் அப்போதே புதிதாக எடுத்துவிடுவது நல்லது.

இரண்டாவது, இடம். அப்டேட் கோப்பு சில ஜிபி அளவுக்கு இருக்கலாம். சேமிப்பகம் நிரம்பி வழியும் போனில் அது பாதியில் நிற்கும். மூன்றாவது, பேட்டரியும் வைஃபையும். சார்ஜ் பாதிக்கு மேல் இருக்கும்போது, நம்பகமான வைஃபையில் பதிவிறக்கினால் தடங்கல் வராது.

அப்டேட் நடக்கும் விதத்தை அறிந்துகொண்டால் பயம் குறையும். பல போன்களில் பழைய பதிப்பு இயங்கிக்கொண்டிருக்கும்போதே புதிய பதிப்பு பின்னணியில் தனியாக எழுதப்படுகிறது. ரீஸ்டார்ட் செய்யும்போது போன் புதியதற்கு மாறுகிறது. புதியது சரியாகத் தொடங்காவிட்டால் பழையதற்கே திரும்பிவிடுகிறது. இந்த முறை 2016-இல் ஆண்ட்ராய்டு 7-உடன் வந்தது. இதைப் பின்பற்றாத போன்களில் நிறுவல் முடியும்வரை போனைப் பயன்படுத்த முடியாது. அத்தகைய போன்களுக்கு இரவில் அப்டேட் கொடுப்பது வசதி. எந்தப் போனிலும், அப்டேட் வெற்றிகரமாக முடிந்த பிறகு பழைய பதிப்புக்குத் திரும்ப விரும்பினால் போனில் உள்ள அனைத்தையும் அழிக்க வேண்டியிருக்கும். பேக்கப் முதல் வேலையாக வைக்கப்பட்டதற்கு இதுவும் ஒரு காரணம்.

3. திருட்டுப் பாதுகாப்பு

போன் பறிப்பில் திருடனுக்குப் பெரிய ஆதாயம், போன் பூட்டப்படாத நிலையில் கையில் கிடைப்பதுதான். பேருந்து நிறுத்தத்தில் ஒருவர் வரைபடம் பார்த்தபடி நிற்கிறார். இருசக்கர வண்டியில் வந்தவன் போனைப் பறித்துக்கொண்டு வேகமெடுக்கிறான். திரை திறந்தே இருப்பதால் அடுத்த சில நிமிடங்களில் மின்னஞ்சலின் கடவுச்சொல்லை மாற்றலாம், படங்களைப் பார்க்கலாம், குறுஞ்செய்தியில் வரும் ஓடிபியைப் படிக்கலாம். அந்தச் சில நிமிடங்களை அவனுக்குத் தராமல் தடுப்பதற்காகவே மூன்று பூட்டுகள் உருவாக்கப்பட்டன. ஆண்ட்ராய்டு 15-உடன் அறிவிக்கப்பட்டாலும், கூகுள் பிளே சர்வீசஸ் வழியாக வருவதால் ஆண்ட்ராய்டு 10 முதலான போன்களிலும் இவை கிடைக்கின்றன. செட்டிங்ஸில் ‘கூகுள்’ பகுதிக்குள் ‘தெஃப்ட் புரொடெக்‌ஷன்’ என்ற தலைப்பில் இவற்றைக் காணலாம். சில போன்களில் ‘செக்யூரிட்டி அண்ட் பிரைவசி’ பகுதிக்குள் இருக்கும்.

முதலாவது, தெஃப்ட் டிடெக்‌ஷன் லாக். போனில் உள்ள அசைவு உணரிகளின் தரவை வைத்து, திடீரென்று பறிக்கப்பட்டு ஓட்டத்திலோ வண்டியிலோ கொண்டுசெல்லப்படும் அசைவைப் போன் அடையாளம் காண முயல்கிறது. அப்படித் தோன்றினால் உடனே திரையைப் பூட்டிவிடுகிறது. எல்லாப் பறிப்புகளையும் இது கண்டுபிடிக்கும் என்று எதிர்பார்க்கக் கூடாது. போன் நிலையான வைஃபை அல்லது புளூடூத் இணைப்பில் இருக்கும்போது இது செயல்படாமல் போகலாம். அரிதாக, போனோடு வேகமாக ஓடத் தொடங்கும்போதும் திரை பூட்டிக்கொள்ளக்கூடும். வழக்கம்போல் பூட்டைத் திறந்தால் போதும் என்பதால், அந்தச் சிறு தொல்லைக்காக வசதியை நிறுத்திவைப்பது சரியல்ல.

இரண்டாவது, ஆஃப்லைன் டிவைஸ் லாக். பறித்தவன் முதலில் செய்வது பெரும்பாலும் மொபைல் டேட்டாவை நிறுத்துவதுதான். அப்போது தொலைவிலிருந்து அனுப்பப்படும் கட்டளை எதுவும் போனை எட்டாது. திறந்த நிலையில் பயன்பாட்டில் இருக்கும் போன் இணைப்பை இழந்தால், சிறிது நேரத்தில் தானாகத் திரையைப் பூட்டுவது இதன் பணி. அடிக்கடி சிக்னல் போகும் ஊர்களில் இது தொல்லையாகாமல் இருக்க, ஒரு நாளில் எத்தனை முறை பூட்டலாம் என்பதற்கு வரம்பு வைக்கப்பட்டுள்ளது.

மூன்றாவது, ரிமோட் லாக். போனை இழந்தவர் பக்கத்தில் இருப்பவரின் போனை வாங்கி, ஆண்ட்ராய்டு டாட் காம் தளத்தின் ‘லாக்’ பக்கத்தைத் திறந்து, தன் போன் எண்ணைக் கொடுத்து, ஒரு சிறிய சரிபார்ப்பை முடித்தால் போதும். இணைப்பில் இருக்கும் போன் பூட்டிக்கொள்ளும். இதன் மதிப்பு, கடவுச்சொல் கேட்காததில்தான் இருக்கிறது. பதற்றத்தில் கூகுள் கணக்கின் கடவுச்சொல் பலருக்கு நினைவுக்கு வராது. வந்தாலும் சரிபார்ப்பு எண் திருட்டுப்போன போனுக்கே போகும். எண் மட்டும் தெரிந்தால் போதும் என்பதால் இங்கே அந்தத் தடை இல்லை. ஆனால் அந்த எண் முன்கூட்டியே சரிபார்க்கப்பட்டு, இந்த வசதி இயக்கப்பட்டிருக்க வேண்டும். திரையைப் பூட்டிய பிறகு, ஃபைண்ட் ஹப் சேவையில் நுழைந்து போன் இருக்கும் இடத்தைப் பார்க்கலாம், தேவையானால் முழுவதும் அழிக்கலாம். 2025 வரை ஃபைண்ட் மை டிவைஸ் என்று அழைக்கப்பட்டது இதே சேவைதான்.

இவற்றோடு, 2025 ஜனவரியில் ஐடென்டிட்டி செக் என்ற வசதியும் முதலில் பிக்ஸல் போன்களுக்கும், பிறகு ஒன் யூஐ 7 கொண்ட தகுதியான சாம்சங் போன்களுக்கும் வந்தது. வீடு, அலுவலகம் போல உரிமையாளர் நம்பும் இடங்களைக் குறித்துவைத்தால், அவற்றுக்கு வெளியே திரைப் பூட்டை மாற்றுவது, ஃபைண்ட் ஹப்பை நிறுத்துவது போன்ற முக்கிய மாற்றங்களுக்குப் பின் நம்பர் மட்டும் போதாது. கைரேகையோ முகமோ காட்ட வேண்டும். தோளுக்குப் பின்னாலிருந்து பின் நம்பரைக் கவனித்துவிட்டுப் போனைப் பறிப்பவர்களுக்கு எதிரான தடுப்பு இது.

போனை அழித்து மறுவிற்பனை செய்யும் வழியும் இறுக்கப்பட்டுள்ளது. ஃபேக்டரி ரீசெட் பாதுகாப்பு 2015-இல் ஆண்ட்ராய்டு 5.1-உடன் வந்தது. உரிமையாளரின் அனுமதியின்றி அழிக்கப்பட்ட போன், மீண்டும் தொடங்கும்போது முந்தைய கூகுள் கணக்கையோ பழைய திரைப் பூட்டையோ கேட்கும். தொடக்க அமைப்பைத் தாண்டிக் குதிக்கும் தந்திரங்களால் இதை ஏய்த்து வந்தார்கள். ஆண்ட்ராய்டு 15-இல் அப்படித் தாண்டினாலும் பாதுகாப்பு விலகுவதில்லை. உரிமையாளர் சரிபார்க்கப்படும்வரை புதிய கணக்கைச் சேர்க்கவோ, பூட்டு அமைக்கவோ, செயலி நிறுவவோ முடியாது. இதற்குத் தனியாக எதையும் இயக்க வேண்டியதில்லை. போனில் கூகுள் கணக்கும் திரைப் பூட்டும் இருந்தாலே போதும்.

இந்தியாவில் போனை இழந்தவர்கள் இந்தப் பூட்டுகளோடு நின்றுவிடக் கூடாது. காவல் நிலையத்தில் புகார் கொடுத்து, தொலைத்தொடர்புத் துறை 2023-இல் தொடங்கிய சஞ்சார் சாத்தி தளத்தில் போனின் தனி அடையாளமான ஐஎம்இஐ எண்ணைப் பதிவுசெய்தால், இந்திய நெட்வொர்க்குகளில் அந்தக் கருவி முடக்கப்படும். டயல் பலகையில் நட்சத்திரக் குறி, ஹேஷ் குறி, 06, ஹேஷ் குறி என்று அழுத்தினால் ஐஎம்இஐ எண் திரையில் தோன்றும். அதை இன்றே ஒரு தாளில் எழுதி வீட்டில் வைத்திருக்க வேண்டும். வங்கிக் கணக்கிலிருந்து பணம் போயிருந்தால் 1930 என்ற இணையக் குற்ற உதவி எண்ணுக்குத் தாமதிக்காமல் அழைக்க வேண்டும்.

4. பிரைவேட் ஸ்பேஸ்

பல வீடுகளில் போன் ஒருவருடையதாக மட்டும் இருப்பதில்லை. குழந்தை விளையாட எடுக்கும், விருந்தினர் படம் பார்க்க வாங்குவார். திரை திறந்த பிறகு எல்லாச் செயலிகளும் எல்லாருக்கும் திறந்தே கிடக்கும். பிரைவேட் ஸ்பேஸ் என்பது வீட்டுக்குள் தனிப் பூட்டோடு இருக்கும் ஓர் அறை. அதற்குள் நிறுவிய செயலிகள், அது பூட்டியிருக்கும்போது செயலிப் பட்டியலில் தெரியாது. சமீபத்தில் திறந்தவை வரிசையிலும் செட்டிங்ஸிலும் தெரியாது. அவற்றின் அறிவிப்புகளும் வராது.

அமைக்கும் முறை: செட்டிங்ஸில் ‘செக்யூரிட்டி அண்ட் பிரைவசி’ பகுதிக்குள் ‘பிரைவேட் ஸ்பேஸ்’ என்பதைத் தட்டி, திரைப் பூட்டைத் திறக்க வேண்டும். அமைப்பைத் தொடங்கியதும் ஒரு கூகுள் கணக்கைச் சேர்க்கச் சொல்லும். இங்கே புதிதாக ஒரு தனிக் கணக்கை உருவாக்கிச் சேர்ப்பதே சரி. வழக்கமான கணக்கையே கொடுத்தால், உள்ளே எடுத்த படங்களும் தேடல் வரலாறும் அந்தக் கணக்கு வழியாக வெளியேயும் தெரிந்துவிடும். அடுத்து, போனின் திரைப் பூட்டையே இதற்கும் பயன்படுத்துவதா, வேறு பூட்டு வைப்பதா என்று கேட்கும். வீட்டில் மற்றவர்களுக்கும் போனின் பின் நம்பர் தெரியும் என்றால் வேறு பூட்டுத்தான் வேண்டும்; இல்லையெனில் இந்த ஏற்பாட்டுக்கே பயனில்லை. அமைத்து முடித்ததும், செயலிப் பட்டியலின் அடியில் இதற்கான இடம் தோன்றும். அதைத் திறந்து, உள்ளே இருக்கும் பிளே ஸ்டோரிலிருந்து வேண்டிய செயலிகளை நிறுவலாம்.

எப்போது பூட்டிக்கொள்ள வேண்டும் என்பதையும் தேர்ந்தெடுக்கலாம்: போன் பூட்டும் ஒவ்வொரு முறையும், திரை அணைந்து ஐந்து நிமிடத்துக்குப் பின், அல்லது போனை ரீஸ்டார்ட் செய்யும்போது மட்டும். முதல் தேர்வே பாதுகாப்பானது. அப்படி ஓர் இடம் இருப்பதே தெரியக் கூடாது என்றால், பூட்டியிருக்கும்போது அதை மறைக்கும் தேர்வும் உண்டு. மறைத்த பிறகு, செயலிப் பட்டியலின் தேடல் பெட்டியில் ‘பிரைவேட் ஸ்பேஸ்’ என்று தட்டினால்தான் அது வெளிப்படும்.

இந்த வசதியைப் பயன்படுத்துவோர் ஐந்து வரம்புகளை மனதில் வைக்க வேண்டும். ஏற்கெனவே வெளியே உள்ள செயலியை அதன் தரவோடு உள்ளே நகர்த்த முடியாது. புதிதாகவே நிறுவ வேண்டும். பூட்டியிருக்கும்போது உள்ளே இருக்கும் செயலிகள் பின்னணியில் இயங்காது என்பதால், மருந்து நேரத்தை நினைவூட்டும் செயலியையோ அவசர அழைப்பு வரக்கூடிய செயலியையோ அங்கே வைக்கக் கூடாது. போன் மாற்றும்போது இந்த இடத்தை அப்படியே புதிய போனுக்குக் கொண்டுசெல்ல முடியாது. இதை நீக்கினால் உள்ளே உள்ள அனைத்தும் அழியும். போனைக் கணினியோடு இணைத்தாலோ தீய செயலி ஏதேனும் நிறுவப்பட்டிருந்தாலோ, இப்படி ஓர் இடம் இருப்பது தெரிந்துவிடலாம். சாம்சங் போன்களில் இதே தேவையை செக்யூர் ஃபோல்டர் என்ற வசதி பல ஆண்டுகளாக நிறைவேற்றி வருகிறது.

5. ஓடிபியும் திரைப் பகிர்வும்

வாடிக்கையாளர் சேவை மையத்திலிருந்து பேசுவதாகச் சொல்லி, திரையைப் பகிரும் செயலி ஒன்றை நிறுவச் செய்து, வரும் ஓடிபியைப் படித்துப் பணத்தை எடுப்பது இந்தியாவில் பரவலாக நடக்கும் மோசடி. ஆண்ட்ராய்டு 15 இதற்கு இரண்டு இடங்களில் தடை போடுகிறது.

திரை பகிரப்படும்போது வரும் அறிவிப்புகளில் ஓடிபி போன்ற ரகசியம் இருந்தால், அதன் உள்ளடக்கம் மறுமுனையில் தெரியாது. கடவுச்சொல்லைத் தட்டும் இடங்களும் மறைக்கப்படும். இன்னொரு தடை, அறிவிப்புகளைப் படிக்கும் அனுமதி பெற்ற செயலிகளுக்கு. நம்பகமானதாகக் கருதப்படாத செயலி ஓடிபி உள்ள அறிவிப்பைக் கேட்டால், எண் நீக்கப்பட்ட வெற்று அறிவிப்பே அதற்குக் கிடைக்கும். போன் அறிவிப்புகளைக் கணினியில் காட்டும் சில செயலிகளில், அப்டேட்டுக்குப் பின் ரகசிய உள்ளடக்கம் மறைக்கப்பட்டுள்ளது என்ற வரி தென்படுவது இதனால்தான். அது பழுதல்ல.

முறையான காரணத்துக்காகத் திரையைப் பகிரும்போதும் முழுத் திரையையும் காட்டத் தேவையில்லை. பகிர்வு தொடங்கும் முன் வரும் பெட்டியில் ‘ஒரு செயலி மட்டும்’ என்ற தேர்வு உண்டு. அதைத் தேர்ந்தால் அந்தச் செயலியைத் தவிர வேறெதுவும் மறுமுனைக்குப் போகாது. அலுவலகக் கூட்டங்களில் இதைப் பழக்கமாக்கிக்கொள்வது நல்லது. எனினும் ஓடிபியை வாயால் சொல்லிவிட்டால் எந்த மென்பொருளாலும் காக்க முடியாது. முன்பின் தெரியாதவருக்குத் திரையைப் பகிராமல் இருப்பதே முதல் பாதுகாப்பு.

6. வெளியிலிருந்து வரும் செயலிகள்

வாட்ஸ்அப்பில் திருமண அழைப்பிதழ் என்றோ போக்குவரத்து அபராத ரசீது என்றோ ஏபிகே கோப்பு வருகிறது. தட்டினால் ஒரு செயலி நிறுவப்படுகிறது. அது குறுஞ்செய்தியைப் படிக்கவும், மற்றச் செயலிகளின் மேல் தோன்றவும், திரையில் நடப்பதைக் கவனிக்கவும் அனுமதி கேட்கிறது. இந்த மோசடியின் உயிர், கேட்ட அனுமதி கிடைப்பதில்தான் இருக்கிறது.

பிளே ஸ்டோருக்கு வெளியிலிருந்து நிறுவிய செயலிகளுக்கு அக்சஸிபிலிட்டி, அறிவிப்பு வாசிப்பு ஆகிய அனுமதிகளை எளிதில் தரமுடியாதபடி ஆண்ட்ராய்டு 13 தடுத்தது. ஆண்ட்ராய்டு 15 அந்தத் தடையை மேலும் சில அனுமதிகளுக்கு விரித்துள்ளது. அனுமதி தரப் போனால் ‘கட்டுப்படுத்தப்பட்ட அமைப்பு’ என்ற எச்சரிக்கை தோன்றும். அழைப்பிதழைக் காட்ட வேண்டிய ஒரு கோப்புக்கு இந்த எச்சரிக்கை வந்தாலே அது அழைப்பிதழ் அல்ல என்று முடிவுசெய்து, செயலியை நீக்கிவிட வேண்டும். எச்சரிக்கையை எப்படித் தாண்டுவது என்று மறுமுனையில் யாரேனும் சொல்லிக்கொடுத்தால் அதுவே மோசடிக்கு உறுதியான அடையாளம்.

மிகப் பழைய செயலிகளும் தடுக்கப்படுகின்றன. 2015-இல் வந்த ஆண்ட்ராய்டு 6-க்கு முன், ஒரு செயலி நிறுவப்படும்போதே கேட்ட அனுமதிகள் எல்லாம் ஒட்டுமொத்தமாக அதற்குக் கிடைத்துவிடும். அந்தக் காலத்துச் செயலி போலத் தன்னை அறிவித்துக்கொண்டு, ஒவ்வொரு அனுமதிக்கும் கேட்க வேண்டிய விதியிலிருந்து தீய செயலிகள் தப்பித்து வந்தன. ஆண்ட்ராய்டு 14 இந்த ஓட்டையை அடைத்தது. ஆண்ட்ராய்டு 15 வரம்பை இன்னும் ஒரு படி உயர்த்தி, ஆண்ட்ராய்டு 7-க்கு முந்தைய விதிகளின்படி எழுதப்பட்ட செயலிகளை நிறுவவிடாது. ஏற்கெனவே போனில் உள்ளவை அப்டேட்டுக்குப் பிறகும் தொடரும். ஆனால் ஒருமுறை நீக்கினால் மீண்டும் நிறுவ முடியாது. பல ஆண்டுகளாகப் புதுப்பிக்கப்படாத அகராதியோ பஞ்சாங்கமோ போனில் இருந்தால், நீக்கும் முன் யோசிக்க வேண்டும்.

7. சேமிப்பிடத்தை மீட்டல்

எப்போதாவது மட்டும் தேவைப்படும் செயலிகள் எல்லாப் போன்களிலும் உண்டு: ரயில் முன்பதிவு, வரி தாக்கல், தேர்வு முடிவு பார்ப்பது போன்றவை. நீக்கினால் தரவு போய்விடும், வைத்திருந்தால் இடம் போய்விடும். ஆர்க்கைவ் என்ற வசதி இரண்டுக்கும் நடுவில் வழி தருகிறது. செயலியின் ஐகானை நீண்ட நேரம் அழுத்தி, ‘ஆப் இன்ஃபோ’ பக்கத்துக்குச் சென்று ‘ஆர்க்கைவ்’ என்பதைத் தட்டினால், செயலியின் நிரல் பகுதி நீக்கப்பட்டு, பயனரின் தரவு மட்டும் போனில் தங்கும். செயலி பிடித்திருந்த இடத்தில் ஏறத்தாழ 60 விழுக்காடு வரை இதனால் மீளலாம் என்று கூகுள் கூறுகிறது.

ஐகான் சிறு பதிவிறக்கக் குறியோடு பட்டியலில் அப்படியே இருக்கும். மீண்டும் தேவைப்படும்போது அதைத் தட்டினால் செயலி திரும்ப இறங்கும். விட்ட இடத்திலிருந்து தொடரலாம். ஆர்க்கைவ் செய்த செயலியிலிருந்து அறிவிப்பு எதுவும் வராது. திரும்ப இறக்க இணைய வசதி வேண்டும் என்பதால், பயணத்தின்போது தேவைப்படக்கூடிய செயலியைக் கிளம்பும் முன்பே மீட்டு வைத்துக்கொள்வது நல்லது.

8. அன்றாடப் பயன்பாட்டில் தெரியும் மாற்றங்கள்

கேமரா: மங்கலான வெளிச்சத்தில், படம் எடுக்கும் முன் திரையில் தெரியும் காட்சியையே பிரகாசமாக்கும் வசதி சேர்க்கப்பட்டுள்ளது. இரவில் தள்ளுவண்டிக் கடையில் க்யூஆர் குறியீட்டை ஸ்கேன் செய்யும்போது இது உதவும். போனின் கேமரா இதை ஆதரிப்பதோடு, செயலியை எழுதியவர்களும் இதைப் பயன்படுத்தியிருக்க வேண்டும்.

ஒலியும் அதிர்வும்: ஒரு செயலியில் மெல்லியதாகவும் அடுத்ததில் காதைப் பிளப்பதாகவும் ஒலி மாறுவதைக் குறைக்க, ஒலியளவைச் சமன்செய்யும் தரநிலைக்கு ஆதரவு வந்துள்ளது. ஒலியளவுப் பலகையும் பெரிதாகியிருக்கிறது. விசைப்பலகையின் அதிர்வை எல்லா விசைப்பலகைச் செயலிகளுக்கும் சேர்த்து ஒரே இடத்தில் நிறுத்த, ‘சவுண்ட் அண்ட் வைப்ரேஷன்’ பகுதியில் தனிப் பொத்தான் உள்ளது.

பின்செல்லும் அசைவு: திரையின் ஓரத்திலிருந்து விரலை மெதுவாக இழுக்கும்போது, பின்னால் எந்தத் திரை வரப்போகிறது என்பது முன்கூட்டியே தெரியும். வேண்டாம் என்றால் விரலை எடுக்காமல் பழைய இடத்துக்கே கொண்டுபோகலாம். படிவத்தைப் பாதி நிரப்பிவிட்டுத் தவறுதலாக வெளியேறுவதை இது தவிர்க்கும். இதற்கு ஆதரவு சேர்த்துள்ள செயலிகளில் மட்டுமே இது வேலை செய்யும்.

புளூடூத்தும் வைஃபையும்: புளூடூத்தை நிறுத்தினாலும் மறுநாள் தானாக இயங்கும்படி அமைக்கலாம், தொலைந்த பொருளைத் தேடும் சேவைகளுக்கு அது தேவைப்படுகிறது. பொது இடத்து வைஃபையில் இணையும்போது போனின் பெயர் அந்த நெட்வொர்க்குக்குப் போகாமல் தடுக்கும் தேர்வு, ஒவ்வொரு நெட்வொர்க்கின் விவரப் பக்கத்திலும் உண்டு. பலரும் போனுக்குத் தம் பெயரையே வைத்திருப்பதால் இது பயனுள்ள தேர்வு.

பெரிய திரைகள்: மடிக்கும் போன்களிலும் டேப்லெட்டுகளிலும், திரையைப் பிரித்து அருகருகே பயன்படுத்தும் இரு செயலிகளை ஒரு ஜோடியாகச் சேமித்து ஒரே ஐகானாக வைத்துக்கொள்ளலாம். அடியில் உள்ள பணிப்பட்டையை மறையாமல் நிலைநிறுத்தவும் முடியும்.

பார்வையற்றோருக்கு: பொதுத் தரநிலையைப் பின்பற்றும் பிரெய்ல் திரைகளை யுஎஸ்பி, புளூடூத் ஆகிய இரு வழிகளிலும் திரையைப் படித்துக்காட்டும் டாக்பேக் வசதி இப்போது ஏற்கிறது. தனி மென்பொருள் தேடாமல் இணைத்தவுடன் படிக்கத் தொடங்கலாம்.

செயற்கைக்கோள் செய்தி: செல்பேசிக் கோபுரம் எட்டாத இடத்தில் செயற்கைக்கோள் வழியே குறுஞ்செய்தி அனுப்பத் தேவையான அடித்தளம் இயங்குதளத்தில் விரிவாக்கப்பட்டுள்ளது. போனின் வன்பொருளும் சேவை தரும் நிறுவனமும் துணைநின்றால்தான் அது பயன்பாட்டுக்கு வரும். மென்பொருளைப் புதுப்பித்ததால் மட்டும் எந்தப் போனும் செயற்கைக்கோள் போன் ஆகிவிடாது.

9. அப்டேட் முடிந்தவுடன் செய்ய வேண்டியவை

கீழ்க்கண்ட வரிசையில் செய்தால் அரை மணி நேரத்துக்குள் முடித்துவிடலாம்.

• திரைப் பூட்டு இல்லாவிட்டால் முதலில் அதை அமைக்க வேண்டும். மற்ற எல்லாம் அதன்மேல்தான் நிற்கின்றன. பிறந்த ஆண்டை பின் நம்பராக வைப்பதைத் தவிர்க்க வேண்டும்.
• தெஃப்ட் புரொடெக்‌ஷன் பகுதியில் மூன்று பூட்டுகளையும் இயக்கி, ரிமோட் லாக்குக்கான போன் எண்ணைச் சரிபார்க்க வேண்டும். பிறகு வேறொரு போனிலிருந்து ஒருமுறை பூட்டிப் பார்த்துப் பழக வேண்டும்.
• ஃபைண்ட் ஹப் இயங்குகிறதா என்று பார்க்க வேண்டும். ஐடென்டிட்டி செக் இருந்தால் நம்பகமான இடங்களைச் சேர்க்க வேண்டும்.
• ஐஎம்இஐ எண்ணை எழுதி வீட்டில் வைக்க வேண்டும்.
• அறிவிப்பு வாசிப்பு, அக்சஸிபிலிட்டி ஆகிய அனுமதிகள் எந்தெந்தச் செயலிகளிடம் உள்ளன என்று பார்த்து, அடையாளம் தெரியாதவற்றின் அனுமதியை நீக்க வேண்டும்.
• தேவையானால் பிரைவேட் ஸ்பேஸ் அமைக்கலாம்; பயன்படுத்தாத செயலிகளை ஆர்க்கைவ் செய்யலாம்.
• பிளே ஸ்டோரில் எல்லாச் செயலிகளையும் புதுப்பிக்க வேண்டும். இயங்குதளம் மாறியபின் சில செயலிகள் தடுமாறுவதற்குப் பழைய பதிப்பே பெரும்பாலும் காரணம்.

முதல் ஓரிரு நாட்களில் போன் சற்றுச் சூடாகவும் பேட்டரி விரைவில் தீர்வதாகவும் தோன்றலாம். செயலிகள் புதிய பதிப்புக்கேற்ப பின்னணியில் சீரமைக்கப்படுவதால் இது நிகழ்கிறது, தானாகத் தணிந்துவிடும். ஒரு வாரம் கடந்தும் நீடித்தால், செட்டிங்ஸின் பேட்டரி பகுதியில் எந்தச் செயலி அதிகம் எடுக்கிறது என்று பார்த்து அதை நீக்கி மீண்டும் நிறுவலாம்.

போனை விற்கவோ உறவினருக்குக் கொடுக்கவோ நினைப்பவர்கள், ஃபேக்டரி ரீசெட் பாதுகாப்பு இறுகியிருப்பதை மறக்கக் கூடாது. முதலில் செட்டிங்ஸில் கூகுள் கணக்கை நீக்கி, பிறகு அதே செட்டிங்ஸ் வழியாகவே போனை அழிக்க வேண்டும். பொத்தான்களை அழுத்திப் பிடித்து ரெகவரி முறையில் அழித்துக் கொடுத்தால், வாங்கியவர் போனைத் தொடங்கும்போது பழைய கணக்கைக் கேட்டு நிற்கும். பழைய போன் வாங்குபவர்கள், பணம் கொடுக்கும் முன் போன் தொடக்க அமைப்பைக் கடந்து முகப்புத் திரைவரை வருகிறதா என்று பார்ப்பதோடு, சஞ்சார் சாத்தி தளத்தில் ஐஎம்இஐ எண்ணைக் கொடுத்து அது முடக்கப்பட்ட கருவி அல்ல என்பதையும் உறுதிசெய்துகொள்ள வேண்டும்.